சோமர்டன் கடற்கரையும் எங்கள் ஊர்ச் செருப்பும்

ஒரு ஜோடி செருப்பை வைத்துக்கொண்டு எத்தனை கதை கட்டலாம் என்பதை இந்த வருஷம் மார்கழிக் கடைசியிலிருந்து எங்கள் ஊர் டீக்கடை எனக்குக் காட்டிவிட்டது. என் கடை அதற்கு அடுத்த கடை. ஜெராக்ஸ், இ-சேவை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அங்கே பேசுவது எல்லாம் இங்கே கேட்கும். கேட்காவிட்டால் எழுந்து போய்க் கேட்பேன், மர்மச் சாவு என்றால் எனக்கும் சோறு தண்ணி வேண்டாம். அதனால் இதை யாரும் டீக்கடைத் துப்பறிவாளர்களுக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சாவில் எது தடயம், எது சும்மா கிடந்த பொருள் என்று யார் சொல்ல முடியும் என்கிற கேள்வி மண்டைக்குள் கிடந்து குடைகிறது. எழுதினாலாவது விடுகிறதா பார்க்கலாம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் மண்டபம் பக்கம் ஓர் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்த்தவர். நாற்பதைத் தாண்டியவர், பெயர் வேண்டாம். ஒரு நாள் காலை வேலைக்கு வரவில்லை. அவருடைய டிவிஎஸ் எக்ஸெல் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கரையில் ஒரு பனைமரத்தடியில் நின்றது. பக்கத்தில் செருப்பு, ஒன்றை ஒன்று தொட்டபடி நேராக. வண்டியில் தொங்கிய ஒயர்கூடையில் அணைத்து வைத்த போனும், பின்பக்கம் ஏதோ எழுதிய சிகரெட் அட்டை ஒன்றும். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. வண்டி நின்ற கரையில் இல்லை, பாம்பன் பாலத்தைத் தாண்டித் தெற்கே, குந்துகாலில். 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய அதே குந்துகால். உடம்பில் இருந்த சட்டை அவருக்கு இரண்டு சைஸ் பெரியது. காலரில் தூத்துக்குடித் தையல்கடை ஒன்றின் துணிச்சீட்டு. ஸ்டேஷனில் 174 போட்டார்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 194 ஆகிவிட்டது, ஆனாலும் சந்தேக மரணம் என்றால் எங்கள் பக்கம் இன்னும் 174தான்.

இவ்வளவு போதாதா? வண்டி வடக்கே, உடல் தெற்கே. ஒழுங்காக விட்ட செருப்பு. அணைத்த போன். அடுத்தவர் சட்டை. புரியாத எழுத்து. அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடை பெஞ்சில் விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

பெஞ்சு

முதலில் ஏட்டையா. ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் ஊருக்கு ஏட்டையாதான். அவர் பிடித்துக்கொண்டது செருப்பை. “சாகப் போறவன்தான்ப்பா செருப்பைக் கழட்டி ஒழுங்கா வைப்பான். தள்ளி விடப்பட்டவன் செருப்பு ஆளுக்கு ஒரு பக்கம் கிடக்கும்” என்றார். செல்போன் கடைத் தம்பிக்கு அது ஒப்பவில்லை. செருப்பை வேறு யாரோ ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் அவ்வளவு நேராக இருக்கிறது என்றான். ஒரே செருப்பு, ஒருவருக்குத் தற்கொலை, இன்னொருவருக்குக் கொலை. வாத்தியார் போனைப் பிடித்தார். தானாக அணைந்ததா, அணைக்கப்பட்டதா? அதற்குள் யாரோ ஒருவர் அந்தச் சிகரெட் அட்டையை ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே படம் எடுத்து வாட்ஸப்பில் விட்டுவிட்டார். அங்கே போனதும் விசாரணை எங்கள் பெஞ்சை விட்டு இறங்கி, பரமக்குடி, துபாய், சிங்கப்பூர் என்று போய்விட்டது.

அட்டையில் இருந்தது இதுதான். ‘சூ 8, அ.மா 12, ந 6, ந(பெ) 9, சூ 8 பாக்கி’. அதற்குக் கீழே அடிக்கோடிட்டு 928, 7912. தம்பி அதை ஜிபிஎஸ் என்றான். 9.28 வடக்கு, 79.12 கிழக்கு. போனில் போட்டுக் காட்டினான், புள்ளி மண்டபம் பக்கமே விழுந்தது. பெஞ்சில் ஒரு நிமிஷம் யாரும் டீயைத் தொடவில்லை. எனக்கும் உடம்பு சிலிர்த்ததை மறைக்க மாட்டேன். அப்புறம் பேச்சு எங்கே போகும் என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தங்கம், கடல் அட்டை என்கிற கடல்வெள்ளரி, பீடி இலை, மஞ்சள், எல்லாம் கடத்தல் சரக்கு. கடல் அட்டையைப் பிடிக்கக் கூடாது என்று 2001-இல் தடை வந்ததிலிருந்து, எங்கள் பக்கம் எந்த மனிதன் காரணம் தெரியாமல் செத்தாலும் அவன் கடத்தல்காரன் ஆகாமல் மண்ணுக்குப் போக முடியாது.

ஆஸ்திரேலியாவில் ஒரு செத்த மனிதன்

அந்த நாட்களில் எனக்கு வேறொரு கடற்கரை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மர்மக் கதை படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், சோமர்டன் மனிதன். தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1948 டிசம்பர் 1-ஆம் தேதி காலை, தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தை ஒட்டிய சோமர்டன் கடற்கரையில், கரைச்சுவரில் தலை சாய்த்தபடி ஒரு மனிதர் செத்துக் கிடந்தார். நல்ல உடை, உடம்பில் காயம் இல்லை, பர்ஸ் இல்லை, துணிகளில் தயாரிப்பாளர் சீட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. விஷமாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார், சோதனையில் விஷம் எதுவும் அகப்படவில்லை. பல மாதம் கழித்து அவருடைய கால்சட்டையின் சின்ன உள்பையில் சுருட்டிய துண்டுக் காகிதம் கிடைத்தது. ‘தமாம் ஷுத்’, முடிந்தது என்று பொருள்படும் பாரசீகச் சொற்கள். உமர் கய்யாமின் ருபாயத் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்தது. அந்தப் புத்தகமும் கிடைத்தது, பக்கத்தில் நின்ற ஒரு காருக்குள் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புத்தகத்தின் பின்புறம் ஐந்து வரி ஆங்கில எழுத்துகள், அர்த்தமே இல்லாதவை, இரண்டாவது வரி அடிக்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு போன் நம்பர். அது உடல் கிடந்த இடத்துக்கு நடக்கிற தூரத்தில் வசித்த ஒரு நர்ஸின் நம்பர். அந்த மனிதரைத் தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? எழுபது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க ஆட்கள் அந்த ஐந்து வரியை உடைக்கப் பார்த்தார்கள். கடற்படையின் சங்கேத நிபுணர்களிலிருந்து கல்லூரி மாணவர்கள் வரை. ஊர் எதை எண்ணிப் பயந்துகொண்டிருந்ததோ அந்த வேஷத்தை அந்த மனிதருக்குப் போட்டுவிட்டார்கள். 1948, பனிப்போர் தொடங்கிய நேரம். அதே மாநிலத்தில் வூமராவில் பிரிட்டிஷ்காரர்கள் ஏவுகணை சோதிக்க இடம் அமைத்திருந்தார்கள். ஆகவே அவர் ரஷ்ய உளவாளி. எங்கள் கடற்கரையில் செத்திருந்தால் அவரும் கடல் அட்டை கடத்தியிருப்பார்.

அவருடைய பெட்டி அடிலெய்டு ரயில் நிலையத்தில் கிடைத்தது, 1949 ஜனவரியில். அதற்குள் ஒரு டை, அதில் ‘டி. கீன்’ என்று பெயர். ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று போலீஸ் நினைத்தது. காணாமல் போன கீன் யாரும் இல்லை. சரி, அது அவர் பெயராக இருக்காது, திசை திருப்பத்தான் அதை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். பெயர் எழுதாத துணி சதி என்றால், பெயர் எழுதிய துணியும் சதி.

2022 ஜூலையில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டெரெக் அபட் என்கிற பேராசிரியரும், அமெரிக்காவில் வம்சாவளி மூலம் ஆள் அடையாளம் காணும் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சேர்ந்து அவருடைய பெயரை அறிவித்தார்கள். கார்ல் வெப். 1905-இல் மெல்போர்னில் பிறந்தவர், மின்சாரக் கருவி வேலை தெரிந்தவர். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. 1949-இல் புதைக்கும் முன்பு போலீஸ் அவருடைய தலையையும் தோளையும் பிளாஸ்டரில் அச்சு எடுத்திருந்தது. அந்தப் பிளாஸ்டரில் சில முடிகள் ஒட்டியிருந்தன. அதிலிருந்து டிஎன்ஏ, டிஎன்ஏவிலிருந்து தூரத்துச் சொந்தம், அங்கிருந்து சுமார் 4000 பேர் அடங்கிய ஒரு வம்ச மரம். யாருடைய அண்ணன், யாருடைய சித்தப்பா மகன் என்று கிளை கிளையாகக் கழித்துக்கொண்டே வந்து, இறந்த தேதி எங்கேயும் பதிவாகாத ஒருவரிடம் நின்றார்கள். அந்த டை? கார்ல் வெப்பின் சகோதரியைக் கட்டியவர் பெயர் தாமஸ் கீன். மச்சான் டை, அவ்வளவுதான்.

சங்கேதம் உடையவே இல்லை. வெப் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவர், அந்த எழுத்துகள் குதிரைகளின் பெயர் முதலெழுத்துகளாக இருக்கலாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். எத்தனை பேர் ராத்திரி முழித்தார்கள் அதற்காக. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நர்ஸின் மகன்தான் செத்தவருடைய பிள்ளை, காது அமைப்பும் பல் வரிசையும் பொருந்துகின்றன என்று ஒரு கட்சி ரொம்ப நாள் நம்பியது. பேராசிரியரும் அந்தக் கட்சிதான். அந்த மகனுடைய மகளைத் தேடிப் போய்ச் சந்தித்தார், அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். கடைசியில் டிஎன்ஏ, அந்தக் குடும்பத்துக்கும் செத்தவருக்கும் சம்பந்தம் இல்லை என்றது. நான் இவரைக் கிண்டல் செய்யவில்லை. தான் ஆசையாக வளர்த்த கதையைத் தன் கையாலேயே முடித்து வைக்கிற ஆராய்ச்சி லேசில் நடக்காது. எங்கள் பெஞ்சில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

நீவாடு

எங்கள் ஊருக்கு வருகிறேன். வண்டி வடக்கே, உடல் தெற்கே என்பதுதான் பெஞ்சின் பெரிய ஆதாரம். உடலை யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தெற்கே போட்டிருக்கிறார்கள் என்பது வரை வந்துவிட்டார்கள். இதை டீக்கு வந்த ஒரு நாட்டுப்படகுப் பெரியவர் நின்றபடியே கேட்டார். அவர் பெஞ்சில் உட்காருகிற ஆள் இல்லை. “வாடை அடிக்கிற நேரத்துல வடக்க விழுந்தது வடக்கயா கிடக்கும்? நீவாடு தெக்க இழுக்குது. பாலத்துக்கு அடியில பூந்து இந்தப் பக்கம்தான் வரும். ஆடி மாசம் விழுந்திருந்தா வடக்கயே தேடலாம். கச்சான் நேரம் தெக்க விழுகிறதே வடக்கதான் ஏறும்” என்றார். நீவாடு என்றால் நீரோட்டம், வாடை வடகிழக்குக் காற்று, கச்சான் தென்மேற்குக் காற்று. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது விவாதமே இல்லை.

கடலியல்காரர்கள் சொல்வதும் இதுதான். வடகிழக்குப் பருவக்காற்று நேரத்தில் பாக் நீரிணையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கும், தென்மேற்குக் காற்று நேரத்தில் தலைகீழாகவும் தண்ணீர் ஓடுகிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், பாம்பன் வாய் குறுகல், அதனால் அந்த இடத்தில் வேகம் அதிகம். பாலத்தைக் கடக்கிற படகுக்காரர்கள் எல்லாரும் நீரோட்டம் பார்த்துத்தான் கடக்கிறார்கள். மூழ்கிய உடல் முதலில் அடியில் தங்கும், எங்கள் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் உள்ளே வாயு சேர்ந்து மேலே வரும், அப்புறம் நீரோட்டத்தின் சொல்படிதான். ஆக, குந்துகாலில் ஒதுங்கியது வழக்கப்படி நடந்த ஒன்று. கரையில் உட்கார்ந்தவர்களுக்கு அதுவே மர்மம்.

செத்த பிறகு கடலில் போட்டார்களா, உயிரோடு மூழ்கினாரா என்பதற்குச் செருப்பு பதில் சொல்லாது. அதற்கு டயட்டம் சோதனை இருக்கிறது. கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத, சிலிக்கா ஓடு கொண்ட பாசி உயிரிகள் உண்டு. இதயம் துடிக்கிற மனிதன் தண்ணீரைக் குடித்து மூழ்கினால் அவை நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். செத்த உடம்பில் ரத்த ஓட்டம் இல்லை, போகாது. இந்தச் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தடய அறிவியல் ஆட்களுக்குள் சண்டை உண்டு, ஆனாலும் எலும்புத் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். இதைப் பெஞ்சில் சொன்னேன். ரிப்போர்ட்டையே மாற்றிவிடுவார்கள் அண்ணே என்றான் தம்பி. அதற்கு மேல் என்ன பேசுவது.

அவள் கேட்டது

மாசி பிறந்து சில நாள் கழித்து அவர் மனைவி என் கடைக்கு வந்தாள். கூட ஒரு வயதான அம்மா, அவளுக்குப் பெரியம்மா முறை, பெரியபட்டினத்திலிருந்து காரியத்துக்கு வந்தவர் இன்னும் திரும்பவில்லை. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று எல்லாம் ஒரு மஞ்சள் பையில். நான் ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போது தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு சட்டைக்கு வந்திருந்தது. இவள் இங்கே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. தூத்துக்குடித் தையல், தூத்துக்குடியில் அவனுக்கு யார் இருக்கிறார்கள், சட்டையை யார் மாட்டி விட்டார்கள். எழுந்து போய் நிறுத்தச் சொல்லலாமா என்று நான் பார்த்தேன். அதற்குள் பெரியம்மா சத்தமாகவே சொன்னார்: “அது அவன் சகலை சட்டைல்ல. திருவிழாவுக்குத் தச்சது. அவன் வெளிநாடு போகும்போது இவனுக்குக் குடுத்துட்டுப் போனான். ஐஸ் தூக்குறவனுக்கு லூசா இருந்தா நல்லதுன்னு போட்டுக்கிடுவான்.” தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

ஆஸ்திரேலியாவில் மச்சான், இங்கே சகலை. காரியத்துக்கு வருகிற கிழவிகள் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்னார் மகன், இன்னார் கொழுந்தன், அவளை எடுத்த வீட்டில் இவளைக் கொடுத்தது என்று அரைமணி நேரத்தில் ஒரு ஊரையே கோத்து வைப்பார்கள். அடிலெய்டு பேராசிரியர் 4000 பேரை வைத்துச் செய்த வேலையும் இதேதான். அவருக்குக் கிழவிகள் யாரும் மிஞ்சவில்லை, அதனால் முடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

சரி, கேட்டுவிடலாம் என்று அந்த அட்டைப் படத்தை அவளிடம் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தாள். “கடன் ஐஸுண்ணே. சூசையப்பர் போட்டு எட்டு பார், அமலமாதா பன்னெண்டு. ரெண்டு நசரேன் இருக்கு, பெரியவுக போட்டுக்குத்தான் ‘பெ’ போட்டிருக்கு.” போட்டு என்றால் படகு, பார் என்றால் ஐஸ் கட்டி. கீழே இருந்த 928, 7912? ஐஸ் ஏற்ற வருகிற இரண்டு மினி லாரிகளின் நம்பர் பலகை. போனை ஏன் அணைத்தார்? அந்தப் போனுக்கு பேட்டரி நிற்காது, ஐஸ் பிளான்ட்டில் போய்ச் சார்ஜ் போடுகிற வரைக்கும் அணைத்துத்தான் வைப்பார். செருப்பு? அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “கடல்ல எறங்கும்போது செருப்பைக் கழட்டாம எறங்குவாகளா?” என்றாள்.

அப்புறம் அவளே ஒன்று கேட்டாள். அதைக் கேட்கத்தான் வந்தாளோ என்னவோ. “ஸ்டேஷன்ல எடுத்த சாமான் எல்லாம் எழுதியிருப்பாகள்ல, அதுல வலை இருக்காண்ணே?”

என்ன வலை? வீச்சுவலை. அவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியலுக்கு முன்னால் வடகடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசுவார், குழம்புக்கு. வலையை ஐஸ் பிளான்ட்டு ஷெட்டில் மாட்டியிருப்பார். அந்த வாரம் அவள் அம்மா வீட்டில் இருந்தாள், அதனால் அன்றைக்கு அவர் வலை எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து ஷெட்டில் அவர் துணிமணியை எடுக்கப் போனபோதுதான் ஆணியில் வலை இல்லை என்று பார்த்திருக்கிறாள்.

நான் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். பெஞ்சு அத்தனை வாரமும் கிடந்த பொருளை வைத்துக் கணக்குப் போட்டது. செருப்பு கிடந்தது, போன் கிடந்தது, அட்டை கிடந்தது, சட்டை உடம்பில் கிடந்தது. கிடக்காத பொருளைப் பற்றிப் பேச, அது இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும். அப்படித் தெரிந்தவள் ஒருத்திதான், அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. துக்க வீட்டில் போய்க் கேட்பதா என்ற கூச்சம். அந்தக் கூச்சம் வாட்ஸப்பில் படம் விடும்போது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. வீச்சுவலைக்காரர்கள் வலையின் தலைக்கயிற்றை மணிக்கட்டில் சுருக்குப் போட்டு மாட்டிக்கொண்டுதான் வீசுவார்கள், வலை கையை விட்டுப் போய்விடாமல் இருக்க. அடியில் வலை எதிலாவது மாட்டி, வாடை அலை காலை வாரினால், அந்தச் சுருக்கே ஆளை விடாது.

வலை கிடைத்தது. போலீஸ் தேடி இல்லை, பெஞ்சு தேடியும் இல்லை. மண்டபம் வடகடலில் பெண்கள் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிறார்களே, அவர்கள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று மிதவைகளைக் கரையேற்றிவிடுவார்கள், நங்கூரக் கயிறும் இரும்பும் சில இடத்தில் அடியிலேயே கிடக்கும். மாசியில் மறுபடி மிதவை போட இறங்கியபோது, ஒரு பழைய நங்கூரத்தில் ஈயக் குண்டோடு சுற்றிக் கிடந்தது வலை. வண்டி நின்ற பனைமரத்துக்கு நேர் எதிரே. தலைக்கயிறு நடுவில் அறுந்திருந்தது. அவர்கள் அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு போகாமல் அப்படியே வைத்து ஆள் அனுப்பினார்கள். இந்தச் சமாச்சாரத்தில் யாராவது பொறுப்பாக நடந்துகொண்டார்கள் என்றால் அவர்கள்தான்.

வலையை யாரோ பிற்பாடு கொண்டு போய்ப் போட்டிருக்கலாம் என்று தம்பி அன்று சாயங்காலமே சொன்னான். எந்த ஆதாரம் வந்தாலும் விழுங்கிக்கொண்டு இன்னும் பெருக்கிற கதை அது. அதோடு மல்லுக்கட்ட எனக்கு வயதில்லை.

இருபது ரூபாய்

கதை கட்டுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் உண்டு. பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா என்று வங்கிக் கணக்கோடு ஒரு விபத்துக் காப்பீடு இருக்கிறது. வருஷத்துக்கு இருபது ரூபாய், விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். கொலை என்றாலும் உண்டு. தற்கொலை என்றால் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது தன் கணக்கில் பிடிக்கப்படுவதே தெரியாது. இவருக்கும் பிடித்திருந்தது, பாஸ்புக்கில் பார்த்துச் சொன்னது நான்தான். அதே நேரத்தில் ஏட்டையாவின் செருப்புத் தத்துவம் ஒரு குரல்பதிவாக ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது, ‘கடன் தொல்லையால் தற்கொலை’ என்று தலைப்போடு. கடன் யார் சொன்னது? அட்டையில் ‘பாக்கி’ என்று எழுதியிருந்ததே! அது அவர் வாங்க வேண்டிய பாக்கி. அவள் வங்கிக்குப் போனபோது கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் வந்த கேள்வி அதுதான்: “தற்கொலைன்னு சொல்றாங்களேம்மா?”

கார்ல் வெப் கதையில் பலரும் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு பக்கம் உண்டு. அவர் மனைவி அவரைப் பிரிந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்கே வந்து, அடிலெய்டிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒரு சின்ன ஊரில் இருந்தார். தன்னைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று 1951-இல் விவாகரத்து கேட்டு மனுப் போட்டார். புருஷன் 1949-லேயே அதே மாநிலத்தில் பெயரில்லாமல் புதைக்கப்பட்டாயிற்று. நாடே உளவாளி என்று பேசிக்கொண்டிருந்த ஆளும், அவர் மனுவில் எழுதிய ஆளும் ஒருவர்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கரையில் கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவர்களின் மனைவிமார் இருக்கிறார்கள். ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகச் சட்டம் ஊகிக்கும். அதுவரை வாரிசுச் சான்று, காப்பீடு, விதவை உதவித்தொகை எதற்குப் போனாலும் இறப்புச் சான்று எங்கே என்பார்கள். அவர்களில் ஒருத்திகூட இதுவரை என்னிடம் மர்மம் என்று சொல்லிக் கேட்டதில்லை. எந்த போட்டு, எந்தக் காற்று, கூட யார் போனார்கள் என்றுதான் சொல்வார்கள்.

வலை கிடைத்த பிறகு விசாரணை வேறு மாதிரி நகர்ந்தது. மகஜர், அதாவது கைப்பற்றிய விவரம் எழுதி வலையை எடுத்தார்கள், பாசிப் பெண்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள், நாட்டுப்படகுப் பெரியவரையும் கூப்பிட்டு நீரோட்டம் பற்றி எழுதிக்கொண்டார்கள். விபத்து என்று இறுதி அறிக்கை வந்ததும் அதன் நகலோடு காப்பீட்டு விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டோம்.

இப்போது அவள் வலையைக் கேட்கிறாள். தம்பிக்காரன் வீசுவான், புதிதாக வாங்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் ஆகும், கயிறு மட்டும் மாற்றினால் போதும் என்கிறாள். ஸ்டேஷனில் இருக்கிற பொருளை வாங்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு மனுப் போட வேண்டும். நான் டைப் அடித்தேன். எந்தப் பிரிவில் போடுவது என்று தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்தே சத்தம் கொடுத்தேன். கோர்ட்டில் விசாரணையே இல்லாத கேஸு, பழைய 457, இப்போது பிஎன்எஸ்எஸ் 503 என்று ஏட்டையா பட்டென்று சொன்னார். அப்புறம் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவை முழுசாகப் படித்து, மகஜர் தேதியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை அவளோடு கோர்ட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.